அரக்கனின் திருவடி

1

ஜெர்மனியில் மார்கழிச் சூரியன் அரசாங்க உத்தியோகஸ்தர் ஜாதி. காலை எட்டு மணிக்கு மேல் மனசு வந்தால் வரும். மதியம் நாலு மணிக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். இந்த முறை வைகுண்ட ஏகாதசி அன்றும் அப்படித்தான். வாசலில் ஐஸ் கட்டிக் கிடந்தது. யாரும் வழுக்கி விழுந்து என் மேல் கேஸ் போடக் கூடாது என்று உப்பைத் தூவிவிட்டு உள்ளே வந்து, கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போன் போட்டேன். அங்கே மதியம். தம்பி சம்பத் விடியற்காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, உபவாசக் களைப்பில் படுத்திருப்பான் என்பது என் கணக்கு.

“பரமபத வாசல் சேவை எப்படிடா?”

“போகலைக்கா.”

விளையாடுகிறான் என்று நினைத்தேன். எங்கள் வீடு உத்தர வீதியில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் ரயில் ஏறி வந்து ராத்திரி முழுக்கக் குளிரில் காத்துக்கிடக்கும் சேவைக்கு, இவன் எழுந்து நடந்தால் போதும்.

“போனா என்ன தெரியப் போறது? குடை தெரியறது, தீவட்டி தெரியறது, சுத்தி இருக்கற ஜனம் தெரியறது. நடுவுல பெருமாள் இருக்கற இடத்துல மட்டும் கறுப்பா ஒரு திட்டு.”

அவன் சிறு வயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன். மூன்று வருடத்துக்கு முன் வலது கண்ணில், விழித்திரையின் நடுவில் ரத்தம் கசிந்து பார்வை போனது. இடது கண் இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைத் தொடர்ந்து நடத்தினான். இப்போது இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது என்பதை எனக்குச் சொல்லவில்லை. தீபாவளிக்கே கடையை மூடிவிட்டான் என்பதையும் சொல்லவில்லை. ஊசி போடுகிறார்கள், கசிவு சில நாள் நிற்கிறது, பிறகு மறுபடி தொடங்குகிறது. எதுவரைக்கும் தாங்கும் என்று டாக்டர் வாயைத் திறக்கவில்லையாம்.

“நான் உடனே கிளம்பி வரேன்டா,” என்றேன்.

“உன் கார்டு வந்துடுத்தா?”

வரவில்லை. என் வசிப்பிட அட்டை காலாவதியாகிப் புதியதற்கு விண்ணப்பித்திருந்தேன். அதுவரைக்கும் ஒரு பச்சைத் தாளைக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகலாம், ஆனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்றால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, புருஷன் இருக்கிறார், பதினைந்து வயதில் தாரா என்று ஒரு பெண் இருக்கிறாள். வெளியே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அப்போதுதான் அவன் கேட்டான். இப்படிப்பட்ட நேரத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

“அக்கா, தாராகிட்ட வீடியோ கேம் பெட்டி இருக்கோல்லியோ? அந்த சீரிஸ்ல புதுப் பாகம் வந்திருக்கு. நீ ஆடி, எனக்குச் சொல்றியா?”

2

அந்த சீரிஸ் என்றால் எது என்று நான் கேட்கவே தேவையில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு சொந்தக்காரர் மாதிரி.

சம்பத் பள்ளிக்கூடத்தில் படித்தபோது தில்லை நகரில் அவன் சிநேகிதன் வீட்டில் ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்தது. துபாயிலிருந்து யாரோ கொண்டு வந்தது. அதனுடன் வந்த டிஸ்க்கில் இந்த ஜப்பானிய விளையாட்டு. எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. ஒரு எழுத்துகூடப் புரியாமல் இரண்டு பேரும் கோடை விடுமுறை முழுக்க ஆடினார்கள். கதை புரியவில்லை என்பதால் இவனே ஒரு கதை கட்டினான். சாயங்காலம் சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்ததும் எனக்கு அந்தக் கதையைச் சொல்வான். வெள்ளைத் தாடிக் கிழவர் கதாநாயகனுடைய பெரியப்பா, பாகப் பிரிவினையில் ஏமாற்றியவர். நீல முடிப் பெண் மன்னார்குடியில் கட்டிக்கொடுத்த அத்தை பெண். நானும் அதையெல்லாம் நம்பி, பெரியப்பா மேல் கோபமாக இருந்தேன். பல வருடம் கழித்து அந்தப் பாகம் இங்கிலீஷில் வந்தபோது பார்த்தால், கிழவர் பெரியப்பாவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. பாவம், உலகத்தைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகமாக வந்துகொண்டே இருந்தது. இவனும் விடாமல் ஆடினான். கல்யாணமாகியும் ஆடினான். கடையில் ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஆடினான். அந்தக் கன்ட்ரோலரை நான் முதன்முதலாகத் தொட்டதே, இப்போது இவனுக்குச் சரி என்று சொல்லித் தாராவிடம் வாங்கியபோதுதான்.

அதனால் இந்தத் தொடரைப் பற்றி ஒரு கத்துக்குட்டியின் அபிப்பிராயங்களாக இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சொந்த ஊரைக் கொளுத்திவிடுகிறார்கள். கதாநாயகன் அப்போதுதான் தூங்கி எழுந்து அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசுகிறான், வெளியே போய்விட்டு வருவதற்குள் ஊர் சாம்பல். எல்லாப் பாகத்திலும் ஏறக்குறைய இப்படித்தானாம். ஊர் இருந்தால் கிளம்ப மாட்டானாம். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஊர் அப்படியே இருக்கும்போதே கிளம்பி வந்த ஜனங்கள் எத்தனை பேர் இருக்கிறோம்!

இரண்டாவது, பிறத்தியார் வீட்டுக்குள் நுழைவது. கதவைத் தட்டாமல் உள்ளே போய், பீரோவைத் திறந்து, பானையை உடைத்து, இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று “இன்று நல்ல வெயில்” என்பார். நான் எடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். செருப்பைக் கழற்ற ஒரு பட்டன்கூடக் கொடுக்கவில்லை.

“அம்மா, அது பானை. அவங்க உண்மையான ஆளுங்க இல்லை,” என்றாள் தாரா.

“இருந்துட்டுப் போகட்டும். பூட்டாத வீட்டுல புகுந்து எடுத்தா அதுக்குப் பேர் வேற.”

அவள் ஜெர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சென்ற இரண்டு வருடமாக எங்களுக்குள் பெரும்பாலும் அந்தக் கதவுதான் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாவது, சண்டை. இதில்தான் என் மனசு விழுந்தது. முறை வைத்துச் சண்டை போடுகிறார்கள். நம் முறை வந்தால் எதிரி அப்படியே நிற்பான். நாம் யோசிக்கலாம், காபி கலந்து குடிக்கலாம், ஊருக்குப் போன் பண்ணலாம். நாம் ஒரு முடிவுக்கு வரும்வரை எவ்வளவு பெரிய அரக்கனும் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருப்பான். கண்ணில் வரும் வியாதிக்கு இந்த மரியாதை தெரியவில்லை. சம்பத்தின் கசிவு யாருடைய முறைக்கும் காத்திருக்கவில்லை.

அப்புறம் அந்தச் சங்கீதம். ஒவ்வொரு பாகத்திலும் உலகம் புதிது, ஆட்கள் புதிது. ஆனால் சத்திரத்தில் படுத்துத் தூங்கினால் வரும் குட்டி மெட்டு மட்டும் மாறுவதில்லை. முதல் சனிக்கிழமை என் ஆட்கள் அடிபட்டுக் களைத்து ஒரு சத்திரத்தில் படுத்தார்கள். அந்த மெட்டு வந்தது. என் விரல் நின்றுவிட்டது. உத்தர வீதி வீட்டில் தலை துவட்டும்போதும், பரீட்சைக்குப் படிக்கும்போதும், அம்மா தோசை வார்க்கக் காத்திருக்கும்போதும் சம்பத் மூக்கால் பாடுவானே, அதே மெட்டு. இத்தனை நாள் அது அவனாகக் கட்டியது என்று நினைத்திருந்தேன்.

போனில் அவனுக்கும் கேட்டிருக்கிறது.

“இன்னொரு தரம் தூங்கப் பண்ணேன்,” என்றான்.

அன்றைக்கு அவர்களைக் காரணமில்லாமல் நிறையத் தடவை தூங்க வைத்தேன். எனக்கு ஊருக்குப் போக வேண்டும் போல இருந்தது. போல என்ன, போக வேண்டும், அவ்வளவுதான்.

3

சனிக்கிழமை காலை இங்கே காபி நேரம், அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு ஆடத் தொடங்குவேன். நான் கண்டதைச் சொல்ல வேண்டும், என்ன செய்வது என்று சம்பத் சொல்வான். இப்படி ஒரு மாதம் ஓடியது. சின்னப் பேய் பிசாசுகளை எல்லாம் விரட்டிவிட்டோம். ஒரு குகையில் மட்டும் மாட்டிக்கொண்டோம்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப் ஆபீசில் குமாஸ்தா. உற்சவ நாளில் லீவு கிடைக்காது. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போதே “இன்னிக்கு சேவை எப்படி?” என்பார். கோயிலுக்குப் போய் வந்த நானும் சம்பத்தும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அதற்கு ஒரு கிரமம் உண்டு. பெருமாளைத் திருவடியிலிருந்துதான் சேவிக்க வேண்டும். அதனால் சொல்வதும் திருவடியிலிருந்துதான். பாதத்தில் என்ன, அப்புறம் வஸ்திரம் என்ன நிறம், இடுப்பில் என்ன, மார்பில் எந்தப் பதக்கம், மாலை எது, கடைசியாகத் திருமுகம், திருமுடியில் எந்தக் கொண்டை, அதாவது எந்தக் கிரீடம். சம்பத்துக்குப் பொறுமை இருக்காது. “பாண்டியன் கொண்டைப்பா!” என்று கத்திவிடுவான். நான் கிரமம் தவற மாட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் திருமுடியை எட்டும்போதுதான் கண்ணைத் திறப்பார்.

பழகின நாக்கு. ஜெர்மனிக்கு வந்தாலும், ஜப்பான்காரன் கட்டிய குகைக்குள் போனாலும் அது மாறவில்லை.

குகைக்குள் ஒரு கல் அரக்கன். தியேட்டர் திரை முழுக்க நிற்பான் போல அவ்வளவு உயரம். என் முறை வந்தது.

“சொல்லுக்கா,” என்றான் சம்பத்.

“திருவடி ரெண்டும் பாறை. விரலுக்கு விரல் பாசி பிடிச்சிருக்கு. கணுக்கால்ல ஏதோ வளையம், வெண்கலம் மாதிரி. முழங்கால்ல விரிசல், உள்ளே நெருப்பு தெரியறது. இடுப்புல சங்கிலி சுத்தியிருக்கான், அதுல பூட்டு ஒண்ணு தொங்கறது...”

“முழங்கால்ல விரிசலா? அதான் இடம். அடி!”

அடித்தேன். அடுத்த நொடி அரக்கன் கையை ஓங்கினான். என் ஆட்கள் நான்கு பேரும் ஒரே அடியில் மல்லாந்தார்கள்.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி திருவடி, கணுக்கால், முழங்கால், இடுப்பு. மறுபடி “அடி!” மறுபடி மல்லாந்தார்கள். மந்திரம் மாற்றிப் பார்த்தோம், கேடயம் மாற்றிப் பார்த்தோம். சில தடவை எல்லாம் ஒழுங்காகப் போகும், ஜெயித்துவிடுவோம் போலிருக்கும், திடீரென்று அதே அடி. சனிக்கிழமை மேல் சனிக்கிழமை போனது. சம்பத்தின் குரலில் சுரத்து குறைந்தது. ஒரு நாள், “போறும்க்கா, விடு. கண்ணு இருந்தா நான் ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பேன்,” என்றான். இத்தனை வருடம் தூரத்தில் இருந்துவிட்டு அவனுக்கு நான் செய்யக்கூடிய ஒரே காரியம் இது, இதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

“இன்னும் ஒரே ஒரு தரம்,” என்று மறுபடி தொடங்கினேன். தாரா ரொட்டித் தட்டோடு பின்னால் வந்து நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. திருவடியை முடித்து, கணுக்காலைக் கடந்து, இடுப்புச் சங்கிலிக்கு வந்திருந்தேன். சம்பத் “அடி” என்று சொல்ல வாயெடுத்திருப்பான்.

“மாமா, அடிக்காதீங்க!” என்று ஒரு கத்தல். “நெத்தியில கல் இருக்கு. இப்ப அது சிவப்பு. சிவப்பா இருக்கும்போது அடிச்சா அவன் திருப்பி அடிப்பான். அம்மா இன்னும் இடுப்புலதான் இருக்கா!”

போனில் சம்பத் சிரிக்கத் தொடங்கினான். அடக்க முடியாமல், இருமி, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தான். “அக்கா, நீ திருவடியிலேர்ந்தா சேவிச்சுண்டு வரே? அரக்கனையா?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தான். ஏகாதசிக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நெற்றியில் கல். முதல் நாளிலிருந்தே விளக்கு மாதிரி மின்னிக்கொண்டு இருந்திருக்கிறது. முகத்துக்கு நான் வருவதற்குள் இவன் உத்தரவு கொடுத்துவிடுவான். கல் நீலமாக இருந்த தடவைகளில் பிழைத்தோம், சிவப்பாக இருந்த தடவைகளில் செத்தோம்.

அன்று நீலமாகும்வரை காத்திருந்து அடித்தோம். அரக்கன் விழுந்தான். தாரா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குதித்தாள். போனில் அங்கே சம்பத் யாரையோ கூப்பிட்டு, “என் மருமாள் ஜெயிச்சுட்டா!” என்று சொல்வது கேட்டது.

4

அடுத்த சனிக்கிழமை தாரா என்னைக் கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களுக்குள் வேலை பிரிந்தது. நான் கீழிருந்து, அவள் மேலிருந்து. எந்த இடத்தில் சந்திக்கிறோமோ அங்கே சம்பத் முடிவெடுப்பான். அவளுடைய தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். “மாமா, அது ஒரு... பறக்கிற... பாய் மாதிரி... ஆனா பல் இருக்கு,” என்பாள். அவன் அவளைத் திருத்தவே மாட்டான். “பல் எத்தனை வரிசைடா குட்டி?” என்று கேட்பான். எனக்குச் சொல்லாத பள்ளிக்கூடச் சமாசாரம் எல்லாம் அவனுக்குச் சொன்னாள். நான் மந்திரத்தைத் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். 

ஆனால் எப்போதாவது போடும் வீடியோ காலுக்கு வருவதை அவன் நிறுத்திவிட்டான். “எனக்கு உன் முகம் தெரியலை, உனக்கு மட்டும் என் முகம் என்னத்துக்கு?” என்றான். பங்குனியில் போட்ட ஊசிக்குக் கசிவு நிற்கவில்லை. டாக்டர் அடுத்த ஊசிக்கு நாள் குறித்திருந்தார், நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை.

“முகம் தெரியறதாடா, பக்கத்துல வந்தா?” என்று கேட்டேன்.

“விஜி முகம் தெரியறது. இல்லேன்னா, தெரியறதுன்னு நினைச்சுக்கறேன். தினம் பார்த்த முகமாச்சே.” விஜி அவன் மனைவி. “உன்னைத்தான் நேர்ல பார்த்து எவ்வளவு நாளாச்சு. கடைசியாப் பார்த்த முகத்தையே வெச்சுண்டு பேசிண்டிருக்கேன்,” என்றான்.

திங்கட்கிழமையே வசிப்பிட அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். சீட்டு வாங்கி, எண் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கெட்டவள் இல்லை. பொறுமையாகக் கேட்டாள். ஆனால் பதற்றம் வந்தால் எனக்கு ஜெர்மன் இலக்கணம் ஓடிவிடும். தம்பிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல வந்தவள், கண் போய்விட்டது என்று சொல்லித் தொலைத்தேன். அவள் முகம் வாடியது. வருத்தம் தெரிவித்தாள். பிறகு, “அப்படியானால் இதில் அவசரம் ஒன்றும் இல்லையே?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டு வந்தேன். இங்கே பஸ்ஸில் அழுதால் யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். மலைக்கோட்டை பஸ்ஸாக இருந்திருந்தால் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டுக் கிழவர் வரை விசாரித்திருப்பார்கள். அன்றைக்கு யாராவது கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

வீட்டில் தாரா கேட்டாள். சொன்னேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். “வா, போகலாம்.”

அதே ஜன்னல், அதே அம்மாள். தாரா பேசினாள். அவள் ஜெர்மன் பேசினால் நான் வழக்கமாக ஒதுங்கி நிற்பேன், அவள் என்னைவிட்டுத் தூரமாகப் போவது அந்த மொழியில்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “என் மாமாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர் என் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மா பிறகு போனால், அம்மா அவரைப் பார்க்கலாம். அவரால் அம்மாவைப் பார்க்க முடியாது.”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். உள்ளே எழுந்து போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, தன்னால் ஆனதைச் செய்வதாகச் சொன்னாள். சித்திரை பிறந்து சில நாளில் அட்டை வந்தது.

அன்று சாயங்காலமே டிக்கெட் போட்டேன். விளையாட்டில் கடைசிக் கோட்டை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். “முடிச்சுட்டே வந்துடேன்,” என்றான் சம்பத். அது கிடக்கட்டும் என்று விளையாட்டை அணைத்துவிட்டேன். தாராவுக்குப் பரீட்சை இருந்ததால் அவளும் அவள் அப்பாவும் இங்கேயே இருந்துவிட்டார்கள்.

5

திருச்சி விமான நிலையத்தில் இறங்கியபோது காலை வெயில் ஏறிவிட்டது. வெளியே வந்ததும் அந்தச் சூடு முகத்தில் அடித்தது. பாஸ்போர்ட், பெட்டி, டாக்ஸி வேண்டுமா மேடம் என்ற குரல்கள், இவற்றுக்கு நடுவே தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்துவிட்டேன். விஜி அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடு, கண்ணாடி போடவில்லை. அதனால் யாரோ மாதிரி இருந்தான்.

விஜி என்னைக் காட்டி அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் என் பக்கம் நேராகப் பார்த்தான். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. நேரம் கடந்துவிட்டது, நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டது என்று நினைத்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு அவன் எதிரே போய் நின்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காபிக் கடைப் பக்கம் பார்த்தான்.

“சம்பத், நான்டா.”

“தெரியறதுக்கா. பேசாம நில்லு. நேராப் பார்த்தா நீ இருக்கற இடம் கறுப்பா இருக்கு. இப்படித் திரும்பிண்டா ஓரத்துல வரே.”

காபிக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தான், கொஞ்சம் உயர்த்தினான். ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். விஜி என் பெட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

“தலை இப்படி வெளுத்துப் போயிருக்கேக்கா,” என்றான் கடைசியில். குரல் உடைந்துவிட்டது. “இத்தனை மாசமா அத்தனையும் சொன்னே. இதைச் சொல்லவே இல்லையே.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நகர்ந்தால் அவன் பார்வையிலிருந்து விலகிவிடுவேனோ என்று பயம். அவன் பார்த்து முடிக்கட்டும் என்று அசையாமல் நின்றேன்.